வெளியே கூப்பிடுகிறவன்

லார்ன் டக்கெட்டின் முதுகை நான் பார்த்த அளவுக்கு அவன் மனைவிகூடப் பார்த்திருக்க மாட்டாள். நான் ஐஸ் ஹாக்கி கோல்கீப்பர். அவன் எனக்கு முன்னால் நின்ற தற்காப்பு ஆட்டக்காரன். இளமை முழுவதும் அந்த முதுகுக்குப் பின்னால்தான் என் பிழைப்பு நடந்தது. அகலமான முதுகு. அதைத் தாண்டி, பந்துக்குப் பதிலாக ஐஸில் வழுக்கும் ரப்பர் வட்டு எங்கே வருகிறது என்று பார்க்க நான் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் எட்டிக்கொண்டே இருப்பேன். "கொஞ்சம் தள்ளு, மரமே" என்று எத்தனை தடவை கத்தியிருப்பேனோ. தள்ள மாட்டான்.

கனடாவில் எங்கள் ஊரான ஆல்டர் ரேபிட்ஸுக்கு அவன் வந்தது ஹாக்கிக்காக அல்ல. வசந்தத்தில் ஆற்று ஐஸ் உடைந்ததும் வெட்டிய மரங்களைத் தண்ணீரில் விட்டு, அவற்றின் மேலேயே நடந்து ஆலைவரை ஓட்டிக்கொண்டு வருவார்களே, அந்தக் கூட்டத்தில் ஒருவன். உருளும் கட்டையின் மேல் நின்றபடி புகையிலை மெல்லுகிறவனை ஐஸில் யாரால் சாய்க்க முடியும்? அந்த நவம்பரில் ஆலை மேஸ்திரி அவனுக்கு ஒரு ஜோடி ஸ்கேட் கடன் வாங்கிக் கொடுத்துப் பயிற்சிக்கு அனுப்பிவைத்தார்.

எங்கள் கேப்டன் பாஸ்கம், மருந்துக்கடைக்காரரின் மகன். நடுவகிடு எடுத்துச் சீவிய தலை கலையாமலே கோல் போடுவான். புதியவனைச் சோதிக்கலாம் என்று வட்டைத் தள்ளிக்கொண்டு நேராக வந்தான். டக்கெட் கையை ஓங்கவில்லை, மட்டையைத் தூக்கவில்லை. இடுப்பை மட்டும் கொஞ்சம் திருப்பினான். பாஸ்கம் பலகைத் தடுப்புக்கு மேலே பறந்து, வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த தபால்காரரின் மடியில் போய் விழுந்தான்.

"நான் உன் டீம்டா, மடையா!" என்று அங்கிருந்தே கத்தினான் பாஸ்கம்.

"யார் வந்தாலும் தடுக்கணும்னு சொன்னாங்க. அதான் தடுத்தேன்" என்றான் டக்கெட். பிறகு என் பக்கம் திரும்பி, "கோலுக்குள்ள நிக்கிறவன் நம்ம ஆள்தானே?" என்று கேட்டான்.

"நம்ம ஆள்தான். அடிச்சிராத. நான் ஓவிட் லரோக். ரொட்டிக்கடை."

"ஃப்ரெஞ்சுத் தவளையா? சரி, பரவாயில்ல. தவளை நல்லாத் தாவும்."

ஃப்ரெஞ்சு பேசுகிறவர்களைத் தவளை என்றுதான் கேலி செய்வார்கள். "வாத்து என்ன செய்யும்?" என்றேன். டக்கெட் என்ற பெயரை வைத்து அவனை முதலில் வாத்து என்று கூப்பிட்டது நான்தான். பிறகு அது கனடா, அமெரிக்கா இரண்டு நாடுகளுக்கும் பரவிவிட்டது.

அந்தக் காலத்தில் ஒரு அணிக்கு ஏழு பேர். மாற்று ஆள் கிடையாது. தொடங்கும்போது ஐஸில் கால் வைத்தவன் முடியும்போதுதான் வெளியே வருவான். எலும்பு முறிந்தால் மட்டும் விதிவிலக்கு. அதற்கும் சிலர் வர மாட்டார்கள். வட்டை முன்னால் நிற்கிறவனுக்குத் தள்ளக்கூடாது, பின்னாலோ பக்கவாட்டிலோதான் கொடுக்கலாம். ஆகவே தற்காப்பு ஆட்டக்காரனின் வேலை எளிது: வருகிறவனை நிறுத்து, வட்டைத் தூக்கி அரங்கின் மறுகோடிக்கு அடி, மறுபடி நில். டக்கெட் தூக்கி அடித்தால் வட்டு கூரை விட்டங்களுக்கிடையே மறைந்துபோய், ஜனங்கள் மறந்த பிறகு எதிராளி கோலுக்கு முன்னால் வந்து விழும். அவன் போட்ட கோல்களில் முக்கால்வாசி அப்படி விழுந்தவைதான்.

காசு கொடுத்து ஹாக்கி ஆடவைக்கும் லீக் முதலில் எல்லைக்கு அந்தப் பக்கம், மிச்சிகனின் செப்புச் சுரங்க ஊர்களில் தொடங்கியது. எங்கள் இருவரையும் கூப்பிட்டார்கள். அங்கே ஒரு ஆட்டம் ஆடிவிட்டால் போதும், இங்கே கனடாவில் காசு வாங்காத, கௌரவமான அமெச்சூர் ஆட்டக்காரர்கள் நம்மைத் தொழுநோயாளி மாதிரி ஒதுக்கிவிடுவார்கள். என் அப்பா மாவுக் கையோடு வாசலில் நின்று, "விளையாடுறதுக்குக் கூலியா? அதுக்கு வேற பேர் இருக்குடா" என்றார். டக்கெட்டுக்கு அப்படிச் சொல்ல யாரும் இல்லை. ஒரு சாக்கு மூட்டையோடு ரயிலேறினான்.

செப்பு ஊரில் எங்களுக்கு இடம் கொடுத்தவள் திருமதி பென்ஹாலோ. கார்ன்வால் பக்கத்து விதவை. சுரங்கத்துக்குப் போகிறவர்களுக்கு இறைச்சியும் உருளைக்கிழங்கும் வைத்து மடித்துச் சுட்ட பணியாரம் கட்டிக்கொடுப்பாள். எங்களுக்கும் அதையே கொடுத்தாள். அவள் மகள் ஹெட்டி டெலிபோன் நிலையத்தில் வேலை பார்த்தாள்.

வெளியூர் அரங்குகளில் டக்கெட் ஐஸில் இறங்கியதும் ஜனங்கள் "குவாக், குவாக்" என்று கத்துவார்கள். அவன் கண்டுகொள்ள மாட்டான். ஒரு நாள் எவனோ உயிருள்ள வாத்து ஒன்றையே தூக்கி உள்ளே எறிந்துவிட்டான். அது சிறகடித்து, வழுக்கி, எங்கள் கோலைப் பார்த்து வந்தது. டக்கெட் குனிந்து அதை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நடுவரிடம் போனான்.

"சார், இவங்க சைடுல எட்டாவது ஆள். அவுட்டுன்னு விசில் அடிங்க."

அரங்கமே சிரித்தது. ஆட்டம் முடிந்ததும் வாத்தைச் சட்டைக்குள் வைத்து வீட்டுக்குக் கொண்டுவந்தான். ஞாயிற்றுக்கிழமை திருமதி பென்ஹாலோ அதைச் சமைத்து மேஜையில் வைத்துவிட்டாள். டக்கெட் தட்டைத் தள்ளிவைத்தான்.

"ஏன், உப்பு பத்தலையா?" என்றாள் அவள்.

"இல்லம்மா. அது என்னோட ஆடின ஆளு. என்னால முடியாது."

ஹெட்டி வாயைப் பொத்திக்கொண்டு சமையலறைக்கு ஓடினாள். திரும்பி வரும்போது அவனுக்காக இரண்டு முட்டை பொரித்துக் கொண்டுவந்தாள். அடுத்த வசந்தத்தில் அவர்களுக்குக் கல்யாணம். மாப்பிள்ளைத் தோழன் நான்.

அந்த லீக் சில வருடங்களில் நொடித்துப்போனது. நாங்கள் ஆல்டர் ரேபிட்ஸுக்கே திரும்பினோம். அதற்குள் இங்கேயும் காசு ஆட்டம் வந்திருந்தது. மர வியாபாரத்தில் கொழுத்த அம்ப்ரோஸ் கில்ஃபாயில் ஒரு அணியை விலைக்கு வாங்கி, தன் கோட்டுப் பொத்தான்களின் நிறத்திலேயே எங்களுக்குச் சட்டை தைத்துப் போட்டார். மஞ்சள். டக்கெட் அதற்குமேல் பத்து வருடம் எனக்கு முன்னால் நின்றான்.

பிறகு விதிகள் ஒவ்வொன்றாக மாறின. ஏழு பேர் ஆறு பேர் ஆனார்கள். மாற்று ஆட்களைப் பெஞ்சில் வைத்துக்கொள்ளலாம் என்றார்கள். முதல் உலக யுத்தம் முடிகிற சமயத்தில் நடு மைதானத்தில் வட்டை முன்னால் தள்ளலாம் என்றார்கள். நேரே வந்து மோதிக்கொண்டிருந்த ஆட்கள் இப்போது வட்டை வேறொருவனிடம் தட்டிவிட்டு, டக்கெட்டைச் சுற்றிக்கொண்டு போனார்கள். அவன் இடுப்பைத் திருப்பும்போது அங்கே யாரும் இருக்க மாட்டார்கள். ஒரு ஜனவரியில், மீசை முளைக்காத ஒருவன் ஒரே ஆட்டத்தில் அவனை மூன்று முறை அப்படித் தாண்டிப் போனான். மூன்றும் கோல். இடைவேளையில் டக்கெட் பெஞ்சில் உட்கார்ந்து, அவசரப்படாமல் ஸ்கேட் கயிற்றை அவிழ்த்தான்.

"கால் வலியா?" என்றேன்.

"இல்ல. முடிஞ்சுபோச்சு."

"இன்னும் பாதி ஆட்டம் இருக்குடா."

"அதான் சொல்றேன். அந்தப் பாதிக்கு வேற ஒருத்தன் நிக்கட்டும். நான் நின்னா தோத்துருவோம்."

எங்கள் தலைமுறையில் தானாக வெளியே வந்த ஆட்டக்காரன் எனக்குத் தெரிந்து அவன் ஒருவன்தான். நான் அவனைத் திட்டினேன். கோழை என்றுகூடச் சொன்னதாக ஞாபகம். அவன் ஸ்கேட்டைத் துடைத்து எண்ணெய் போட்டு மூட்டையில் வைத்துவிட்டுப் பலகைத் தடுப்போரம் போய் நின்று ஆட்டத்தைப் பார்த்தான். மறுநாள் கில்ஃபாயில் அவனை அணிக்குக் கோச் ஆக்கினார். அந்தக் காலத்தில் கோச் என்றால் கத்துவதற்கும் எலுமிச்சம்பழம் நறுக்கிக் கொடுப்பதற்கும் ஒரு ஆள், அவ்வளவுதான்.

டக்கெட் கத்தவில்லை. எலுமிச்சம்பழமும் நறுக்கவில்லை. ஆட்டம் நிற்கும் ஒவ்வொரு தடவையும் இரண்டு மூன்று பேரைத் தட்டிக் கூப்பிட்டு உட்காரவைத்து, பெஞ்சில் இருந்தவர்களை அனுப்பினான். யாரும் அதுவரை அப்படிச் செய்ததில்லை. வெளியே கூப்பிடுவது என்றால் சரியாக ஆடவில்லை என்று ஊரறிய அறைவதற்குச் சமம். எங்கள் அணியில் செசில் பூல் என்று ஒருவன் இருந்தான். மின்னல் வேகம். தொப்பிக் கடைப் பெண்கள் மொத்தப் பேரும் அவனுக்காகவே டிக்கெட் வாங்குவார்கள். முதல் தடவை கூப்பிட்டபோது அவன் வரவே இல்லை. இரண்டாம் தடவை வந்து மட்டையைத் தரையில் அடித்தான்.

"நான் என்ன தப்பு செஞ்சேன்? சொல்லு. எல்லார் முன்னாடியும் சொல்லு."

"ஒண்ணும் செய்யல."

"அப்புறம் ஏன் கூப்பிட்ட?"

"செய்யறதுக்கு முன்னாடியே கூப்பிட்டேன். உட்காரு. மூச்சு வாங்கு. போர்வைய எடுத்துப் போத்திக்கோ."

அந்தக் குளிர்காலத்தில் கடைசிக் கால் மணி நேரத்தில் எங்கள் ஆட்கள் மட்டும் ஓடிக்கொண்டிருந்தார்கள், எதிராளிகள் நடந்துகொண்டிருந்தார்கள். வரிசையாக ஜெயித்தோம். பூல் முணுமுணுத்துக்கொண்டே பெஞ்சுக்கு வரப் பழகினான்.

எனக்கு அதில் பிரச்சினை இல்லை. கோல்கீப்பரை யாரும் மாற்றுவதில்லை. என் பிரச்சினை வேறு. பழைய விதிப்படி கோல்கீப்பர் கீழே விழக்கூடாது. நின்றுகொண்டேதான் தடுக்க வேண்டும். விழுந்தால் நடுவர் தண்டிப்பார். நான் விழாமல் நிற்பதற்குப் பெயர் வாங்கினவன். இப்போது விழலாம் என்று விதி வந்துவிட்டது. இளைஞர்கள் முழங்காலில் விழுந்தார்கள், பக்கவாட்டில் படுத்தார்கள், மீனைப் போலத் துள்ளினார்கள். தாழ்வாக வரும் வட்டுகள் என்னை மட்டும் கடந்து போயின.

"விழுடா ஓவி" என்றான் டக்கெட், பயிற்சியில்.

"நிக்கிறதுக்குத்தான் எனக்குப் பேரு."

"பேரை யாரு கேட்டா? விழு. இங்க பாரு, இப்படி." தொப்பியைக் கழற்றிவைத்துவிட்டு அவனே கோல் முன்னால் தொப்பென்று விழுந்து காட்டினான். பையன்கள் கைதட்டினார்கள். அவன் எழுந்திருக்க நேரமானது.

நான் வீட்டில் முயன்று பார்த்தேன். அப்பா போன பிறகு ரொட்டிக்கடை என்னுடையதாகியிருந்தது. கிடங்கில் மாவு மூட்டைகளைப் பரப்பி, கதவைச் சாத்திக்கொண்டு விழுந்தேன். விழுவது கஷ்டமில்லை. ஆனால் விழ வேண்டும் என்று உடம்புக்குத் தோன்றவே இல்லை. வட்டு வரும் அந்தக் கணத்தில் முழங்கால் இறுகிக்கொள்கிறது. முப்பத்தெட்டு வயது முழங்கால் புதுப் பாடம் கேட்பதில்லை.

அந்த மார்ச்சில் நாங்கள் மாகாணக் கோப்பைக்கான கடைசி ஆட்டத்துக்கு வந்துவிட்டோம். எதிரே ஒரு பெரிய ஊர் அணி. ரயிலில் போய் ஹோட்டலில் இறங்கினோம். காலையில் நான் கஞ்சியில் மேப்பிள் பாகு ஊற்றிக்கொண்டிருந்தபோது டக்கெட் எதிரே வந்து உட்கார்ந்தான். அவன் எதுவும் சாப்பிடக் கேட்கவில்லை.

"இன்னைக்கு எல்வுட் நிக்கட்டும்" என்றான்.

எல்வுட் ஸ்பீர்ஸ் இருபது வயதுப் பையன். பயிற்சிக்காக வைத்திருந்த ஆள். ரப்பர் போல விழுவான்.

"எனக்கு உடம்பு சரியில்லன்னு பேப்பர்காரங்ககிட்ட சொல்லப்போறியா?" என்றேன்.

"இல்ல. அவங்க டீம்ல எல்லாரும் கீழதான் அடிக்கிறாங்க. அதுக்கு எல்வுட் தேவலைன்னு சொல்வேன்."

"பொய் சொல்லக்கூட உனக்குத் தோணல."

"உன்கிட்ட எதுக்குப் பொய்?"

பாகுக் குப்பியை மூடிவைத்தேன். கோபத்தைவிட வெட்கம்தான் அதிகமாக இருந்தது. பரிமாறுகிற பெண் வந்து இன்னும் ரொட்டி வேண்டுமா என்று கேட்டாள். "இது நல்லா வேகல" என்று அவளிடம் சொன்னேன். எங்காவது ஒரு இடத்தில் நான் சொல்வதற்கு மதிப்பு இருக்க வேண்டும் அல்லவா.

அன்று மாலை கோட்டும் டையும் போட்டுக்கொண்டு பார்வையாளர் வரிசையில் உட்கார்ந்து பார்த்தேன். எங்கள் ஆட்கள் தோற்க வேண்டும் என்று நினைத்தேனா என்றால், முதல் பாதியில் நினைத்தேன். இரண்டாம் பாதியில் எல்வுட் எட்டிப் படுத்து, பூட்ஸ் நுனியால் ஒரு வட்டைத் தடுத்தான். என் பக்கத்தில் இருந்தவர்கள் எழுந்து நின்றார்கள். நானும் எழுந்துவிட்டேன். அந்த வட்டு எனக்கு வந்திருந்தால் கோல். அதில் சந்தேகமே இல்லை. ஒரு கோல் வித்தியாசத்தில் ஜெயித்தோம். கோப்பையோடு எடுத்த படத்தில் ஓரத்தில் நானும் இருக்கிறேன். வரி வசூலிக்க வந்தவன் மாதிரி.

அதன் பிறகு டக்கெட்டோடு நான் பேசவில்லை. ஹெட்டி ரொட்டி வாங்க வருவாள். "அவர் கேட்டார்" என்பாள். எதைக் கேட்டான் என்று நான் கேட்க மாட்டேன்.

அடுத்த பருவம் பாதியில் கில்ஃபாயில் அவனை நீக்கினார். காரணம் பூல். பூலைப் பார்க்கத்தான் ஜனங்கள் வருகிறார்கள், அவன் முக்கால்வாசி நேரம் போர்வை போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தால் யார் வருவார்கள் என்று அவர் கேட்டிருக்கிறார். "ஜெயிக்கிறோமே" என்று டக்கெட் சொல்லியிருக்கிறான். "ஜெயிக்கிறதைப் பேப்பர்ல படிச்சுக்குவாங்க" என்றாராம் அவர். மறுநாள் கில்ஃபாயில் என் கடைக்கு வந்தார். நின்றவாறே ஒரு பன்னைப் பிட்டு வாயில் போட்டுக்கொண்டார்.

"லரோக், நீதான் இனிமே கோச். அவன் உனக்குச் செஞ்சதுக்கு இது ஒரு பதில்னு வெச்சுக்கோயேன்."

யோசித்துச் சொல்வதாகச் சொன்னேன். அன்று மதியம் ஆற்றுக்குப் போனேன். பிப்ரவரி. கோடைக்காக ஐஸ் அறுத்துச் சேமிக்கிற வேலை நடந்துகொண்டிருந்தது. டக்கெட் நீண்ட ரம்பத்தால் ஐஸை அறுத்துக்கொண்டிருந்தான். பக்கத்தில் குதிரைகள் பெட்டி பெட்டியாய் அறுத்த கட்டிகளை இழுத்துப் போயின. என்னைப் பார்த்தும் ரம்பத்தை நிறுத்தவில்லை.

"கில்ஃபாயில் வந்தானா?" என்றான்.

"உனக்கு எப்படித் தெரியும்?"

"அவனுக்கு வேற யாரைத் தெரியும்? எடுத்துக்கோ."

"எடுத்துக்கவா? நீ கோபப்படுவன்னு நினைச்சேன்."

"நான் ஏன் கோபப்படணும்? உனக்கு ஆட்டம் தெரியும். எனக்குப் பின்னாடி நின்னு மொத்தத்தையும் பாத்தவன் நீதான்." ரம்பத்தை வெளியே இழுத்தான். "ஆனா பூலை ரெண்டு நிமிஷத்துக்கு மேல விடாத. மூச்சு போச்சுன்னா அவனுக்குத் தெரியாது. வாய் மட்டும் ஓடிட்டிருக்கும்."

"அந்தக் காலையில..." என்று ஆரம்பித்தேன்.

"எந்தக் காலையில?"

அவனுக்கு உண்மையிலேயே நினைவில்லையா, நடித்தானா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. ரம்பத்தின் குறுக்குப்பிடியில் மறுபக்கத்தைப் பிடிக்கச் சொன்னான். பிடித்தேன். இருட்டும்வரை இரண்டு பேரும் அறுத்தோம். பிறகு அவன் வீட்டில் ஹெட்டி தேநீர் கொடுத்தாள். "ஒரு வழியா வந்தீங்களே, மகாராசா" என்றாள் என்னிடம். "இவர் ஒரு வருஷமா என்கிட்ட ஹாக்கி பேசிப் பேசி என் உயிரை எடுத்துட்டார்."

கோச் வேலையை ஒப்புக்கொண்டேன். முதல் ஆட்டத்தில் கில்ஃபாயில் சொன்னபடி பூலை முழுக்க விட்டேன். ஜனங்கள் கூச்சலிட்டுக் கொண்டாடினார்கள். கடைசி ஐந்து நிமிடத்தில் அவன் கால் பின்னி விழுந்து, அவன் தடுத்திருக்க வேண்டிய எதிராளியே கோல் போட்டான். இரண்டாம் ஆட்டத்தில் நான் கைகாட்டிக் கூப்பிட்டதும் பூல் வந்து போர்வையை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தான். "நீயுமா?" என்று மட்டும் கேட்டான். ஈஸ்டருக்கு முன்னால் கில்ஃபாயில் என்னையும் நீக்கிவிட்டார். ரொட்டிக்கடைக்குத் திரும்பினேன். நஷ்டமில்லை.

டக்கெட்டை மேற்கே ஒரு சமவெளி ஊரிலிருந்து கூப்பிட்டார்கள். சஸ்காட்செவனில், ரயில்வே தொழிலாளிகளின் அமெச்சூர் அணி. காசுக்கு ஆடியவன் அமெச்சூர் சட்டை போடக்கூடாது. ஆனால் ஓரத்தில் நின்று சொல்லிக்கொடுக்கலாம். ஹெட்டியோடு போனான். அங்கேயே தங்கிவிட்டான்.

சில வருடங்கள் கழித்து, கோதுமை வியாபாரி ஒருவரைப் பார்க்க அந்தப் பக்கம் போனபோது ஒரு ஆட்டம் பார்த்தேன். திறந்தவெளி அரங்கு. மீசை உறைகிற குளிர். பையன்கள் ஆலை ஷிஃப்ட் மாறுகிற மாதிரி உள்ளே போவதும் வெளியே வருவதுமாக இருந்தார்கள். யாரும் மட்டையைத் தரையில் அடிக்கவில்லை. டக்கெட் தடுப்போரம் எருமைத்தோல் கோட்டில் நின்றிருந்தான். கத்தவே இல்லை. ஒவ்வொருவனும் வந்து உட்காரும்போது தோளில் ஒரு தட்டு, அவ்வளவுதான்.

ஆட்டம் முடிந்ததும், "எப்படி இருந்துச்சு?" என்று கேட்டான்.

"இடது பக்கம் நிக்கிறானே ஒரு பெரிய ஆளு, ரொம்ப மெதுவு. எல்லாரும் அவனைத் தாண்டிப் போறாங்க."

"ஆமா. தாண்டித்தான் போறாங்க."

"அப்புறம் ஏன் வெச்சிருக்க? வேற ஆள் இல்லையா?"

"இருக்காங்க." கையுறையைக் கழற்றி மூக்கைத் துடைத்துக்கொண்டான். "அவன் பெஞ்சுல இருந்தா, அவன் பேச்சுக்கு மத்த பையன்கள் சிரிச்சுட்டே இருக்காங்க, அலுப்புத் தெரியறதில்ல. அதுக்கே அவன் வேணும். அப்பப்ப ஒரு நிமிஷம் அனுப்புறேன். தோக்குற அளவுக்கு விடறதில்ல. சரி, வா. ஹெட்டி ஆட்டுக்கறி செஞ்சிருக்கா, ஆறிரும்."

அவன் வீடு ரயில் பாதைக்கு அந்தப் பக்கம். பனியில் வழுக்காமல் முன்னால் நடந்தான். நான் அவன் கோட்டைப் பிடித்துக்கொண்டு தண்டவாளத்தைத் தாண்டினேன்.